பீட்டர் ஜாக்சனுக்குக் கிடைத்த அவகாசம்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தைப் பார்த்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரைத்தான் சொல்வார்கள். கொட்டும் மழை, இருட்டு, மதிலை நோக்கி வரும் பத்தாயிரம் அரக்கர்கள். இந்தப் போரே வேண்டாம், எடுத்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. 1998-இல் படத்தைக் கையில் வைத்திருந்த மிராமாக்ஸ் நிறுவனம் சொன்னது. சரி, தயாரிப்பு நிறுவனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அதற்கு நாற்பது வருடம் முன்பே அதைச் சொல்லிவிட்டவர் நாவலை எழுதிய டோல்கீன்!

1958-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, கோபத்தோடு வரிக்கு வரி திருத்தி அவர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நடமாடும் மரங்களான என்ட்களின் கதைக்கும் கோட்டைப் போருக்கும் ஒழுங்காக இடம் கொடுக்க முடியாவிட்டால் இரண்டில் ஒன்று போகட்டும், போவதென்றால் போர் போகட்டும், அது மையக் கதைக்கு ஓரமாக நிற்பது என்கிறார். அதற்கு முந்தைய வருடம் தன் பதிப்பாளருக்கு எழுதியதில் இன்னும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். கதையில் சிலதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அவருக்குச் சம்மதம், எல்லாவற்றையும் உள்ளே அமுக்கித் திணிப்பதுதான் பிடிக்காது, அப்படிச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று.

படத்தை இயக்கிய ஜாக்சன் இவர்கள் யார் சொன்னதையும் கேட்கவில்லை. புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயமாக வரும் அந்தப் போரை, வெலிங்டன் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் கோட்டை கட்டி, மாதக்கணக்கில் இரவு இரவாக ஷூட்டிங் நடத்தி, இரண்டாம் படத்தின் உச்சமாகவே மாற்றினார். அது சரியாகவும் அமைந்தது. இதை வைத்து 'எழுத்தாளருக்கு சினிமா தெரியாது' என்று முடிவுகட்டக் கூடாது. டோல்கீன் மனதில் இருந்தது ஒரே படம். அந்த நீளத்துக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. ஜாக்சனுக்குக் கிடைத்த நீளம் வேறு, கிடைத்த காலமும் வேறு. நீண்ட நாவலைப் படமாக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள் என்றே சண்டை போடுகிறோம். அந்த முடிவுகளை எடுக்கவும், எடுத்த முடிவு தப்பென்று தெரிந்தால் திரும்பிப் போய்ச் சரிசெய்யவும் இயக்குநருக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜாக்சனின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். அந்த அவகாசத்தில் பாதி, திட்டமிட்டுக் கிடைத்ததல்ல, தடங்கல்களால் வந்து சேர்ந்தது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தீய சக்தியான சௌரானின் மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க, ஹாபிட் என்ற குள்ள இனத்து ஃபிரோடோ, தோழன் சாமோடு போவதும், மந்திரவாதி கேண்டால்ஃபும் அரச வாரிசான அரகார்னும் எதிரியோடு போரிடுவதும்தான் கதை. நாவல் 1954-55-இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். டோல்கீனைப் பொறுத்தவரை அது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலைக்கும் விற்பனை பயத்துக்கும் அஞ்சித்தான் பதிப்பகம் மூன்றாகப் பிரித்தது. இந்தப் பிரிவினை பின்னால் ஒரு வேலை செய்யப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1969-இல் பட உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பட நிறுவனத்தின் கைக்குப் போனது. இயக்குநர் ஜான் பூர்மன் முழு நாவலையும் ஒரே படமாக அடக்கித் திரைக்கதை எழுதினார், அது படமாகவில்லை. 1978-இல் ரால்ஃப் பாக்ஷி அனிமேஷனில் எடுத்தார். கதை பாதியில் நின்றது. முதல் பாகம் என்று விளம்பரத்தில்கூடப் போடாததால், தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னடா இது என்று விழித்தார்கள், இரண்டாம் பாகம் வரவே இல்லை.

அப்படி விழித்தவர்களில் நியூசிலாந்தில் இருந்த பதின்வயதுப் பையன் ஜாக்சனும் ஒருவர். கதை புரியாததால் புத்தகத்தை வாங்கி, வெலிங்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் போகும் சுமார் 12 மணி நேர ரயில் பயணத்தில் படிக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு இதைப் படமாக்கும் எண்ணம் எதுவும் கிடையாது, யாராவது எடுப்பார்கள், போய்ப் பார்க்கலாம் என்றுதான் இருந்தார். பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, அம்மாவின் அடுப்பில் ரப்பர் முகமூடிகளைச் சுட்டு எடுத்த 'பேட் டேஸ்ட்' 1987-இல் வந்தது. ரத்தமும் குடலும் தெறிக்கும் சிரிப்புப் படம். 1994-இல் வந்த 'ஹெவன்லி க்ரீச்சர்ஸ்' மட்டும் வேறு ரகம். அதன் திரைக்கதைக்குத்தான் அவருக்கும் அவருடைய துணைவியும் எழுத்துக்கூட்டாளியுமான ஃபிரான் வால்ஷுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

1995 வாக்கில் அவர்களின் வெட்டா என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் கம்ப்யூட்டர்கள் நிறைய இருந்தன, அடுத்து என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. சொந்தமாக ஒரு மாயாஜாலக் கதை யோசித்தால் எதை யோசித்தாலும் டோல்கீன் வாசம் அடித்தது. சரி, மூலத்தையே கேட்டுப் பார்ப்போம் என்று மிராமாக்ஸிடம் போனார்கள். அங்கே நிறுவனத்தை நடத்திய ஹார்வி வைன்ஸ்டீன், அப்போது பட உரிமையை வைத்திருந்த சால் ஜாயன்ட்ஸுக்கு ஏற்கெனவே ஒரு படத்தில் உதவியிருந்ததால் பேச்சு ஆரம்பித்தது. ஆனால் உரிமைப் பேச்சு இழுத்துக்கொண்டே போக, ஜாக்சன் இடையில் 'கிங் காங்' எடுக்க யுனிவர்சலுக்குப் போனார். 1997 தொடக்கத்தில் யுனிவர்சல் அதைக் கைவிட்டது. அப்போது அது பெரிய அடி. இன்று பார்த்தால், கிங் காங்குக்காகத் திரட்டிய ஆட்களும் கருவிகளும் அப்படியே மோதிரக் கதைக்கு வந்துசேர்ந்தன என்பது தெரிகிறது.

மிராமாக்ஸ் ஒப்புக்கொண்டது இரண்டு படங்களுக்கு, உச்சவரம்பு 7.5 கோடி டாலர். ஜாக்சனும் வால்ஷும் முதலில் 92 பக்கத்துக்கு ஒரு சுருக்கம் எழுதினார்கள், நம்ம ஊர் சினிமாவில் ஒன்லைன் ஆர்டர் என்கிறார்களே, கிட்டத்தட்ட அது. அப்புறம் நாடகக்காரர் ஸ்டீபன் சின்க்ளேர் வந்தார், அவர் வழியாக ஃபிலிப்பா பாயன்ஸ் வந்தார். பாயன்ஸுக்கு இதுதான் முதல் திரைக்கதை, ஆனால் நாவலைக் கரைத்துக் குடித்தவர். இரண்டு படங்களுக்கும் தலா 140 பக்கத்துக்கு மேல் திரைக்கதை தயாரானது. பட்ஜெட் போட்டுப் பார்த்தால் உச்சவரம்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தாய் நிறுவனமான டிஸ்னி கைவிரித்தது. அப்போதுதான் மிராமாக்ஸ் அந்தக் குறிப்பை அனுப்பியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரே படம், ஹெல்ம்ஸ் டீப் வேண்டாம், ரோஹன், காண்டோர் என்ற இரண்டு நாடுகளையும் ஒன்றாக்கிவிடலாம், ரோஹன் இளவரசி ஏயோவினைக் காண்டோர் வீரன் போரோமிருக்குத் தங்கையாக்கிவிடலாம். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள், ஒரே படம் என்று முடிவுசெய்துவிட்டால் வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் யோசிக்க வேண்டும். குறிப்பை எழுதியவர் முட்டாள் இல்லை, அவருக்குக் கொடுத்த நீளம்தான் முட்டாள்தனமானது.

ஜாக்சன் மறுத்தார். வேறு இயக்குநரிடம் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். கடைசியில் அவருடைய ஏஜென்ட் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். நான்கு வாரத்துக்குள் வேறு நிறுவனத்தைப் பிடித்துவா, இதுவரை செலவான ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை அவர்கள் திருப்பித் தரவேண்டும், வசூலிலும் பங்கு வேண்டும். முடியாது என்று தெரிந்து போட்ட நிபந்தனை. அந்த நான்கு வாரத்தில் ஜாக்சன் செய்ததுதான் புத்திசாலித்தனம். கையில் காகிதத்தோடு போகாமல், இதுவரை வரைந்த படங்கள், செய்த மாதிரிகள், கம்ப்யூட்டர் சோதனைகள் எல்லாவற்றையும் வைத்து 35 நிமிடத்துச் சொச்ச நீளத்தில் ஒரு வீடியோ செய்து எடுத்துப்போனார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் வேண்டாம் என்றார்கள். நியூ லைன் என்ற பட நிறுவனத்தில் மார்க் ஒர்டெஸ்கி என்ற பழைய நண்பர் இருந்தார். நிறுவனத் தலைவர் பாப் ஷே வீடியோவைப் பார்த்துவிட்டு, எதற்கு இரண்டு படம், புத்தகம் மூன்று இல்லையா, மூன்று படமாக எடுங்கள் என்றார். 1950-களில் காகித விலைக்காகப் போட்ட கோடு, 1998-இல் ஹாலிவுட்டில் மூன்று படமானது.

மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் எடுப்பது என்று முடிவானது. 1999 அக்டோபர் 11-இல் ஷூட்டிங் ஆரம்பித்து 2000 டிசம்பர் 22-இல் முடிந்தது, 274 நாள். ஆனால் அதற்கு முன்பே இரண்டு வருடத்துக்கு மேல் வேலை நடந்திருந்தது. நாவலுக்குப் பல வருடமாக ஓவியம் வரைந்துவந்த ஆலன் லீயும் ஜான் ஹோவும் நியூசிலாந்துக்கு வந்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். மடமடா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் ஹாபிட்டன் கிராமத்தை அமைத்து, செடி கொடிகளை நட்டு, ஷூட்டிங்குக்குள் அவை தானாக வளர்ந்து பழசாகத் தெரியட்டும் என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் விட்டுவைத்தார்கள். பாதை போட்டுக் கொடுத்தது நியூசிலாந்து ராணுவம். ஆயிரக்கணக்கான வீரர்கள் தாமாகவே சண்டை போட்டுக்கொள்ளும் 'மாசிவ்' மென்பொருள் இந்தப் படத்துக்காகவே எழுதப்பட்டது. மிராமாக்ஸ் இழுத்தடித்த காலத்தில்தான் இதெல்லாம் வேர்விட்டது என்பதை ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இப்போது திரைக்கதைக்கு வருவோம். நாவலில் வந்து படத்தில் வராத டாம் பாம்பாடில் என்ற பாத்திரம் எங்கே என்ற சண்டையை விட, கட்டமைப்புப் பிரச்சினைதான் பெரியது.

டோல்கீன் கதை சொன்ன முறை சினிமாவுக்கு நேர் எதிரானது. ஃபிரோடோவின் உறவினர் பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃபிரோடோ மோதிரத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கும் இடையில் நாவலில் 17 வருடம் ஓடுகிறது. இன்னொரு மந்திரவாதியான சாருமான் துரோகம் செய்து கேண்டால்ஃபைச் சிறைபிடித்ததை நாம் பார்ப்பதே இல்லை, வெகு நேரம் கழித்து ரிவெண்டெல் சபையில் கேண்டால்ஃப் தன் வாயால் சொல்லும்போதுதான் தெரியவருகிறது. அதுவரை கேண்டால்ஃப் ஏன் வரவில்லை என்ற மர்மம் வாசகனை இழுத்துப்போகும். ஜாக்சன் அந்த மர்மத்தைத் தியாகம் செய்து, நடந்ததை நடந்த நேரத்திலேயே காட்டுகிறார். பதிலுக்கு ஒரு வில்லனின் முகம் கிடைக்கிறது. முதல் படத்துக்கு அது அவசியம் தேவைப்பட்டது, ஏனென்றால் பெரிய வில்லனான சௌரானுக்கு முகமே கிடையாது.

இதைவிடச் சிக்கல் இரண்டாம் பாகம். நாவலின் அந்தப் பாகத்தில் முதல் பாதி முழுக்க அரகார்ன், கேண்டால்ஃப், போர். ஃபிரோடோவும் சாமும் என்ன ஆனார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் பாதி முழுக்க ஃபிரோடோ, சாம், முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்காக ஏங்கும் கோல்லம் மட்டும். புத்தகத்தில் இது அற்புதமாக வேலை செய்கிறது, ஒரு தரப்பு பிழைத்ததா என்று தெரியாமலே இன்னொரு தரப்போடு நடக்கிறோம். படத்தில் முதல் ஒன்றரை மணி நேரம் கதாநாயகன் வராமல் இருந்தால் தியேட்டர் தாங்காது. எனவே இரண்டையும் வெட்டி வெட்டிப் பின்னினார்கள். பின்ன ஆரம்பித்ததும் அடுத்த பிரச்சினை கிளம்பியது, நாவலின் பின்னிணைப்பில் டோல்கீன் கொடுத்திருக்கும் காலவரிசைப்படி, ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தி ஃபிரோடோவைக் கொட்டுவதும் மூன்றாம் பாகத்தில் நடக்கும், காண்டோர் தலைநகரான மினாஸ் திரித்தின் முற்றுகையும் ஒரே சமயத்தில் நடப்பவை. ஆகவே சிலந்தி மூன்றாம் படத்துக்குப் போனது. போனதால் இரண்டாம் படத்தில் ஃபிரோடோவின் கதைக்கு உச்சம் இல்லாமல் போனது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் போரோமிரின் தம்பி ஃபாராமிரை மாற்றினார்கள்.

நாவலின் ஃபாராமிர், மோதிரம் தெருவில் கிடந்தால்கூட எடுக்கமாட்டேன் என்று சொல்லி ஃபிரோடோவை விட்டுவிடுகிறவர். படத்தில் அவர் ஃபிரோடோவைக் கைதியாக, காண்டோரின் பாழடைந்த நகரமான ஆஸ்கிலியாத் வரை இழுத்துப்போகிறார். ரசிகர்கள் கொதித்தார்கள், சிலர் இன்னும் கொதிக்கிறார்கள். எழுதியவர்களின் வாதம் இதுதான்: இந்த மோதிரம் யாரையும் விடாது என்று ஒன்றரைப் படம் சொல்லிவிட்டு, திடீரென ஒருவர் வந்து எனக்கு வேண்டாம் என்றால் அதன் சக்தி போய்விடும். பாம்பாடில் வெளியே போனதற்கும் பாதிக் காரணம் இதே. மோதிரத்தைப் போட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது, காற்றில் தூக்கிப்போட்டு விளையாடுவார். பாம்பாடில் விஷயத்தில் வாதத்தை ஏற்கிறேன். ஃபாராமிர் விஷயத்தில் பாதிதான். ஆஸ்கிலியாத்துக்குப் போவதுவரை சரி, அங்கே சௌரானின் ஏவலாளான பறக்கும் நாஸ்கூலுக்கு முன்னால் ஃபிரோடோ மோதிரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு நிற்பதும், அதற்குப் பிறகும் எதிரிக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதும் கதையின் தர்க்கத்தையே அசைக்கிறது.

வெட்டியதைப் பற்றியே பேசுகிறவர்கள், இடம் மாற்றிவைத்ததைக் கவனிப்பதில்லை. நாவலில் ஏயோவினின் மனப்புழுக்கத்தைப் பற்றிக் கேண்டால்ஃப் அவளுடைய அண்ணனிடம் சொல்லும் வார்த்தைகள், படத்தில் சாருமானின் கையாளான வார்ம்டங்கின் வாயில், அவளிடமே, நயவஞ்சகமாக வருகின்றன. நாவலில் அரகார்ன் பாடும் பழம்பாட்டின் வரிகள், போருக்குக் கவசம் பூணும் கிழட்டு மன்னன் தியோடென் வாயில் வருகின்றன. கடைசி அத்தியாயத்தில் ஃபிரோடோவின் கப்பல் கரைசேரும்போது டோல்கீன் எழுதும் வர்ணனை, முற்றுகையின் நடுவே சாகப்போகிறோமா என்று பயந்து கேட்கும் ஹாபிட் பிப்பினுக்குக் கேண்டால்ஃப் சொல்லும் ஆறுதலாகிறது. வால்ஷ், பாயன்ஸ் இரண்டு பேரின் கைவண்ணம் இதில்தான் தெரிகிறது. புத்தகத்தைத் தினமும் புரட்டாத ஆளுக்கு இந்த இடமாற்றங்கள் தோன்றவே தோன்றாது.

ஷூட்டிங் நாட்களில் திரைக்கதை நிற்கவே இல்லை. அன்றன்று மாறிய பக்கங்கள் நடிகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரே நேரத்தில் பல யூனிட்டுகள் நாட்டின் வெவ்வேறு மூலைகளில் ஓட, ஜாக்சன் தன் செட்டில் இருந்தபடியே சாட்டிலைட் வழியாக மற்ற யூனிட்டுகளின் திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்லம் தனக்குள்ளேயே வாதாடும் அந்தப் பிரபலமான காட்சியை இயக்கியது ஜாக்சன் அல்ல, வால்ஷ். அரகார்னாக முதலில் ஒப்பந்தமான நடிகர், ஷூட்டிங் தொடங்கும் கட்டத்தில் நீக்கப்பட, விகோ மோர்டென்சன் அவசரமாக வந்து சேர்ந்தார். குவீன்ஸ்டவுனில் வெள்ளம் வந்து அவுட்டோர் ரத்தானபோது, ஓட்டலின் ஸ்குவாஷ் மைதானத்துக்குள் படிக்கட்டு செட் போட்டு, ஃபிரோடோ சாமைத் திரும்பிப்போ என்று விரட்டும் காட்சியை எடுத்தார்கள். அது மூன்றாம் படத்தின் காட்சி, எடுத்ததோ முதல் சில வாரங்களில். முதலில் சாம் பக்கம் மட்டும் முடிந்தது. ஃபிரோடோவின் பக்கம் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் எடுக்கப்பட்டது. சாமாக நடித்த ஷான் ஆஸ்டினின் அழுகைக்கு, அடுத்த வருடத்து எலைஜா வுட்டின் முகம் பதில் சொல்கிறது.

டிசம்பர் 2000-இல் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், இல்லை. மூன்று படங்களும் வருடத்துக்கு ஒன்றாக வெளிவரப் போவதால், ஒவ்வொரு வருடமும் எடிட்டிங்கில் பார்த்து, குறையுள்ள இடங்களுக்குப் பேட்ச் ஒர்க் செய்ய நடிகர்களை வரவழைப்பது என்று நியூ லைன் ஒப்புக்கொண்டது. அந்தத் திருத்தங்களில் பெரியவை எந்தத் திசையில் போயின என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

எல்ஃப் இனத்துப் பெண்ணான ஆர்வெனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவளும் அரகார்னும் காதலித்த கதை பின்னிணைப்பில்தான் இருக்கிறது. படத்துக்குப் பெண் பாத்திரம் வேண்டுமே என்று, அவளை வாளேந்தி ஹெல்ம்ஸ் டீப்பில் சண்டை போடுகிறவளாக எழுதி, ஷூட்டிங்கும் செய்துவிட்டார்கள். அப்புறம் அது ஒட்டவில்லை என்று உணர்ந்து அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டு, பின்னிணைப்பையே மறுபடி திறந்து, சாகாவரம் உள்ளவள் சாகிறவனைக் காதலிக்கும் துயரத்தைக் கையில் எடுத்தார்கள். அடுத்து, சௌரானின் நாட்டு நுழைவாயிலான கறுப்பு வாயிலில் நடக்கும் போர். அங்கே சௌரான் உடலெடுத்து வந்து அரகார்னோடு நேருக்கு நேர் மோதுவதாகவே படமாக்கப்பட்டது. எந்த வணிக சினிமாவும் ஆசைப்படுகிற காட்சி. எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தபோது, அரகார்ன் அங்கே வந்தது ஜெயிக்க அல்ல, ஃபிரோடோவுக்காக எதிரியின் கண்ணைத் திசைதிருப்பத்தானே என்று தோன்றியிருக்கிறது. சௌரான் மேல் கிராஃபிக்ஸில் ஒரு ராட்சதனைப் போர்த்தி மறைத்துவிட்டார்கள். எரிமலைக் காட்சியிலும் முதலில் எடுத்தது ஃபிரோடோ கோல்லமைத் தள்ளிவிடுவதாக. பார்க்கக் கொலை மாதிரி இருந்ததால் பேட்ச் ஒர்க்கில் மாற்றி, இருவரும் மோதிரத்துக்காக மல்லுக்கட்டி விழுவதாக எடுத்தார்கள். நாவலில் கோல்லம் துள்ளிக் குதித்துக் கால் இடறி விழுவான், அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் கொலையிலிருந்து விலகி வந்துவிட்டார்கள்.

இந்த மூன்றிலும் முதல் யோசனை சினிமாத்தனமானது, பின்யோசனை புத்தகத்துக்குப் பக்கத்தில் போகிறது. நேரம் கிடைத்தபோது இவர்கள் டோல்கீனை நோக்கி நகர்ந்தார்கள், அதிலிருந்து விலகவில்லை. அவசரத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது ஏற்கெனவே பார்த்த படங்கள்தான்.

எல்லாத் திருத்தமும் நன்றாக அமைந்தது என்று சொல்லவரவில்லை. மூன்றாம் படத்தின் தியேட்டர் பிரதியிலிருந்து சாருமானின் கடைசிக் காட்சியை எடுத்துவிட்டார்கள். டோல்கீனை நேரில் சந்தித்திருந்த, நாவலை வருடந்தோறும் படித்தவரான, சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ கடும் வருத்தத்தில் முதல் காட்சிக்கே போகவில்லை. டிவிடியில் வந்த நீண்ட பிரதியில்தான் அந்தக் காட்சி திரும்பியது. ஹாபிட்டுகளின் நாடான ஷைரை எதிரிகள் பிடித்துவைத்திருக்க, திரும்பிவந்த ஹாபிட்டுகள் தாங்களே போராடி மீட்கும் பகுதி படத்தில் இல்லவே இல்லை. கதையின் அடிப்படை அங்கம் அது என்று டோல்கீன் முன்னுரையிலேயே சொல்லியிருந்தார். உச்சத்துக்குப் பிறகு இன்னொரு போரைத் தியேட்டரில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது, ஏற்கெனவே படம் 201 நிமிடம், முடிகிறது முடிகிறது என்று முடியாமல் போவதாகக் கிண்டலும் உண்டு. இருந்தாலும் எனக்கு இது ஆறாத குறை. போருக்குப் போனவன் திரும்பும்போது ஊர் அப்படியே இருக்காது என்பதை முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த ஒருவர் எழுதியிருக்கிறார், அதை எடுத்துவிட்டால் கதை கொஞ்சம் இனிப்பாகிவிடுகிறது.

2004 பிப்ரவரி 29-இல் மூன்றாம் படம் 11 பரிந்துரைக்கு 11 ஆஸ்கர் வாங்கியது. அதற்குப் பிறகும் ஜாக்சன் விடவில்லை. நீண்ட பிரதிக்காக, இறந்தவர்களின் குகையில் மண்டையோடுகள் சரிந்து விழும் ஒரு ஷாட்டை மார்ச்சில் எடுத்தார். சிறந்த பட விருது வாங்கின படத்துக்கு ஷூட்டிங் நடத்தும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் இதில் எதையும் ரசிக்கவில்லை. 2012-இல் பிரெஞ்சுப் பத்திரிகை லெ மோந்துக்குக் கொடுத்த பேட்டியில், நாவலின் குடலை உருவி 15 முதல் 25 வயதுக்காரர்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்றார். கேடயத்தின் மேல் ஏறிப் படிக்கட்டில் சறுக்கிக்கொண்டே அம்பு விடும் எல்ஃப் வீரன் லெகோலாஸைப் பார்த்தவர்கள் அதை முழுதாக மறுக்க முடியாது. ஆனால் அதே வருட டிசம்பரில் வந்த 'தி ஹாபிட்' முதல் படத்தைப் பார்த்திருந்தால் முந்தைய மூன்றையும் அவர் கொஞ்சம் மன்னித்திருப்பாரோ என்னவோ.

'தி ஹாபிட்' டோல்கீன் எழுதி 1937-இல் வந்த சின்னப் புத்தகம், சுமார் 300 பக்கம். இதற்குத் திணிப்பும் தேவையில்லை, வெட்டும் தேவையில்லை. முதலில் இயக்க இருந்த கியெர்மோ டெல் டோரோ ஏறக்குறைய இரண்டு வருடம் தன் பாணியில் தயாரிப்பு வேலைகள் செய்துவிட்டு, படம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் 2010 மே மாதம் விலகினார். ஜாக்சன் பொறுப்பேற்றார், நடுவில் வயிற்றுப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை, 2011 மார்ச்சில் ஷூட்டிங். வெளியீட்டுத் தேதி மட்டும் பெரிதாக நகரவில்லை. முந்தைய மூன்றுக்கு வருடக்கணக்கில் வரைந்து, செய்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதிய அதே ஆட்கள், இந்த முறை தூக்கமில்லாமல் அடுத்த வாரத்து செட்டுக்கு இந்த வாரம் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு படம் என்று எடுத்துக்கொண்டிருந்தது 2012 ஜூலையில் மூன்றானது. புத்தகத்தில் இல்லாத காதலும், பீப்பாய்களின் மேல் துள்ளிக் குதிக்கும் சண்டையும் உள்ளே வந்தன.

இதை ஜாக்சனே பின்னால் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மூன்றாம் ஹாபிட் படத்தின் தயாரிப்பு பற்றிய காணொளியில், டெல் டோரோ போன பிறகு கடிகாரத்தைத் திருப்பி வைத்துத் தனக்கு ஒன்றரை வருடம் தரவில்லை என்றும், பல நாள் என்ன எடுக்கப்போகிறோம் என்ற திட்டமே இல்லாமல் செட்டுக்குப் போனேன் என்றும் சொல்கிறார். ஐந்து படைகளின் போர் என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் போரை எப்படி எடுப்பது என்று தெரியாத நிலை. கடைசியில் இப்போது வேண்டாம், யோசிக்க நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கி அந்தப் போரை நிறுத்திவைத்தார்கள். 2013-இல் நடிகர்களை மறுபடி வரவழைத்துத்தான் அது எடுத்து முடிக்கப்பட்டது.